கிருமி தென்படவில்லை, மாத்திரை ஏன் தொடர வேண்டும்?

எச்.ஐ.வி. கூட்டு மருந்தைச் சில மாதங்கள் தவறாது உட்கொண்ட பலருக்கு, குருதியிலுள்ள வைரஸ் அளவைக் கணக்கிடும் பரிசோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்ற முடிவு வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். உடனே, “நோய் தீர்ந்துவிட்டதல்லவா, இனி மாத்திரை எதற்கு?” என்னும் வினாவும் எழுகிறது.

இக்கிருமி, நோய் எதிர்ப்புப் பணியை ஒருங்கிணைக்கும் சி.டி.4 அணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் மரபுப்பொருளோடு தன் மரபுப்பொருளையும் இணைத்துவிடுகிறது. அவ்வாறு தொற்றிய அணுக்களுள் சில, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கிறது. உறங்கும் அணுக்களுக்குள் மறைந்திருப்பதை அகற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உட்கொண்டாலோ, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வகைகள் தோன்றக்கூடும்.

நோயைக் கண்டறிவதிலும் இத்தகைய மறைவு உண்டு. வழக்கமான பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் அது போதிய அளவு உருவாகியிராது. ஐயத்திற்குரிய நிகழ்வுக்குப்பின் விரைவில் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என வந்தாலும், மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான். நம் நாட்டில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் ஒத்துவந்த பின்னரே தொற்று உறுதி செய்யப்படுகிறது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியதோ 2004 ஏப்ரலில்தான். அன்று சி.டி.4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை உண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையை நாளுக்கு ஒருமுறை உட்கொள்வது இன்று பலருக்குப் போதுமானது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அமில நீக்கிகளும் டொலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் தெரிவித்து, நேர இடைவெளியைக் கேட்டறிய வேண்டும்.

வைரஸ் கண்டறிய இயலாத அளவில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. ஆயினும் குருதிக் கொடை கூடாது; ஊசியைப் பகிர்வதும் கூடாது.

இல்லத்தாருக்கு ஒரு சொல். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது. தனித் தட்டும் தனிக் குவளையும் எவரையும் காப்பதில்லை; நோயாளியின் மனத்தைத்தான் புண்படுத்துகின்றன. மனம் ஒடிந்தவர் மாத்திரையையும் கைவிடக்கூடும். அவருடைய ஒப்புதலின்றி உறவினரிடம்கூடச் செய்தியைப் பகிர வேண்டாம்.

ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் உட்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டாம். வெளியூர்ப் பயணம் இருப்பின், கையிருப்பு தீருமுன் உங்கள் சிகிச்சை மையத்தில் தெரிவியுங்கள்.