முதலாளி சொன்னார், செய்தேன்

ஜெர்மன் நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு பிரெக்ட் பெயர்தான் நினைவுக்கு வரும். அவருக்கு அடுத்த தலைமுறையில், உழைக்கும் குடும்பங்களின் சமையலறையை மேடைக்குக் கொண்டுவந்தவர் ஃபிரான்ஸ் சேவர் குரோட்ஸ். 1946-இல் மியூனிக் நகரில் பிறந்தவர்; எழுத்தாளராக நிலைபெறுமுன் பல கூலி வேலைகள் பார்த்தவர். அவருடைய 'தாஸ் நெஸ்ட்' 1975-இல் மேடையேறியது. 'கூடு' என்று பொருள்.

குர்ட் லாரி டிரைவர். மனைவி மார்த்தா கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னென்ன வேண்டும் என்று இருவரும் பட்டியல் போட்டு விலையைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சம்பளம் எட்டவில்லை. ஓவர்டைம் பார்த்துச் சரிக்கட்டலாம் என்று முடிவாகிறது. மாதக் கடைசி தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் புரியும் கணக்கு இது.

குழந்தை பிறக்கிறது. ஒருநாள் முதலாளி தனியாக ஒரு வேலை கொடுக்கிறார், அதற்குத் தனிக்காசு. குர்ட் பீப்பாய்களை லாரியில் ஏற்றிப்போய், அவற்றில் இருப்பதை ஒரு நீர்நிலையில் கொட்டிவிட்டு வருகிறான். குடும்பத்தோடு குளிக்கப் போகும் இடமும் அதுதான். விஷயம் தெரியாத மார்த்தா குழந்தையை அங்கே கொண்டுபோய் நீரில் இறக்குகிறாள். கொட்டியது விஷக்கழிவு. குழந்தை உயிருக்குப் போராடுகிறது.

இந்த வீட்டில் மாமியார் கொடுமையோ வேறு பெண்ணோ இல்லை. குர்ட் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவன். முதலாளி சொன்னார், செய்தேன் என்பதுதான் அவன் பதில். மார்த்தாவால் பொறுக்க முடியாததும் அந்தப் பதில்தான். யோசிக்காமல் கீழ்ப்படியும் மனிதனோடு எப்படி வாழ்வது என்று அவள் கேட்கும் கட்டத்தில் குடும்பமே ஆட்டம் காண்கிறது.

குரோட்ஸின் பாத்திரங்களுக்கு மனதில் உள்ளதைச் சொல்ல வார்த்தை வராது. 1973-இல் மேடையேறிய அவருடைய 'வுன்ஷ்கான்சர்ட்' நாடகத்தில் தனியாக வாழும் ஒரு பெண் கடைசிவரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. 'கூடு' நாடகத்தில் பேச்சு உண்டு. ஆனால் பேச வேண்டியதைப் பேச குர்ட்டுக்கு நெடுநேரம் ஆகிறது.

ரயில்வேயில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஓர் ஒப்புமை தோன்றியது. ஸ்டேஷன் சிக்னல் சிவப்பில் இருக்கும்போது, யாரோ வாயால் சொன்னார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட முடியாது. முறைப்படி அதிகாரச்சீட்டு வேண்டும். உத்தரவு போட்டவர் யார் என்பதற்குக் காகிதமே சாட்சி. குர்ட்டிடம் இருந்தது முதலாளியின் வாய்வார்த்தை மட்டுமே.

சாகவும் துணிந்த குர்ட் அதிலிருந்து மீள்கிறான். குழந்தையும் பிழைக்கிறது. கடைசியில் அவன் போலீஸில் போய்த் தன் குற்றத்தைச் சொல்கிறான்; முதலாளியின் பங்கையும் சொல்கிறான். வேலை என்னாகும் என்று தெரிந்தே செய்கிறான். ஓவர்டைமில் வாங்கிய சாமான்களால் கட்ட முடியாத கூட்டை அந்த ஒரு காரியம் தாங்கிப் பிடிக்கிறது.

'தி நெஸ்ட்' என்ற பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அன்பர்கள் அவசியம் படிக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.