கொலம்போ ரசிகர்கள் மன்னிக்காத கமடோர்

1976 மே 2, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'கொலம்போ' தொடரின் ஐந்தாவது சீசன் முடிவுக்கு வந்தது. அன்று ஒளிபரப்பான எபிசோடின் பெயர் 'லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்'. அதைத் திட்டுவதை ரசிகர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. பிடித்த எபிசோடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அடித்துக்கொள்ளவும் செய்வார்கள். எழுபதுகளில் வந்தவற்றில் படுமோசம் எது என்று கேட்டால் மட்டும் பெரும்பாலானவர்களின் விரல் இந்தப் பக்கம்தான் நீளும்.

இத்தனைக்கும் இதில் வேலை செய்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன். 'தி பிரிசனர்' தொடரால் உலகப் புகழ் பெற்றவர். கொலம்போவிலேயே 1974இல் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து எம்மி விருது வாங்கியவர். எழுதிய ஜாக்சன் கில்லிஸ், 'பெர்ரி மேசன்' காலத்திலிருந்தே துப்பறியும் கதைகளில் ஊறியவர். நடிகர்களில் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' புகழ் ராபர்ட் வான் இருந்தார். 'மை ஃபேர் லேடி'யில் கர்னல் பிக்கரிங்காக வந்த வில்ஃப்ரிட் ஹைட்-வைட் இருந்தார். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு கோபம்?

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு நண்பர்கள் உருவாக்கிய பாத்திரம் கொலம்போ. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் கொலைப் பிரிவு லெப்டினென்ட். தொலைக்காட்சியிலும் மேடையிலும் வேறு நடிகர்கள் இந்த வேடத்தைப் போட்டுப் பார்த்த பிறகு, 1968இல் பீட்டர் ஃபாக்கிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் அது அவருடையதாகவே ஆகிவிட்டது. கசங்கிய மழைக்கோட்டு, அவர் தம் வீட்டிலிருந்து எடுத்து வந்தது. கையில் சுருட்டு, ஓட்டை பியூஜோ 403 கார், எதற்கும் அசையாத ஒரு நாய். 2003 வரை 69 எபிசோடுகள். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் நாயோடு நிற்கும் கொலம்போவுக்கு 2014இல் சிலையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கோட்டுக்காகவும் காருக்காகவும் மட்டும் யாரும் இந்தத் தொடரைப் பார்க்கவில்லை. கதை சொல்லும் முறைதான் இதன் சூட்சுமம். வழக்கமான துப்பறியும் கதையில் கொலை நடக்கும், பத்துப் பேர் மீது சந்தேகம் வரும், கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் யார் என்று தெரியும். கொலம்போவில் கொலைகாரன் யார் என்பது முதல் கால் மணியிலேயே தெரிந்துவிடும். கொலையை நம் கண் முன்னாலேயே செய்வார். தடயத்தை அழிப்பார், தான் வேறு இடத்தில் இருந்ததாகச் சாட்சிக்கு ஆள் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் கொலம்போ வந்து சேருவார். இப்படித் தலைகீழாகக் கதை சொல்வதை ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1912இல் வெளியான தம் சிறுகதைத் தொகுப்பிலேயே செய்திருக்கிறார். தொலைக்காட்சியில் அதையே ஒரு தொடரின் நிரந்தர விதியாக நிலைநாட்டியது கொலம்போ.

யார் செய்தது என்ற கேள்வி போய்விட்டால் மீதம் என்ன இருக்கிறது? இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பெரிய மனிதர்: பணக்காரர், படித்தவர், பேரும் புகழும் உள்ளவர். இன்னொருவர் தலை கலைந்த போலீஸ்காரர். பெண்டாட்டி புராணம் பாடிக்கொண்டு, பேனா தேடிக்கொண்டு, போய்விட்டார் என்று மூச்சு விடும் நேரத்தில் கதவருகிலிருந்து திரும்பி "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பவர். ஒன்றரை மணி நேரமும் இந்த இருவருக்கும் நடக்கும் சண்டைதான் படம்.

ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் எபிசோடுகளில் ஒன்றான 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' இதற்கு நல்ல சாட்சி. 1973இல் வந்தது. டொனால்ட் பிளசன்ஸ் நடித்த ஏட்ரியன் கார்சினி, ஒயினைத் தவிர வேறெதையும் நேசிக்காத மனிதர். ஒயின் ஆலையை விற்கப்போவதாகச் சொன்ன தம்பியை அடித்துப்போட்டு, காற்றுப் புகாத ஒயின் நிலவறையில் பூட்டிவிடுகிறார். அவரைப் பிடிப்பதற்காகவே கொலம்போ ஒயினைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார். கடைசியில் கார்சினியை மாட்டிவிடுவது அவருடைய நாக்குதான். உணவகத்தில் பரிமாறிய பழைய ஒயின் சூட்டில் கெட்டுப்போனது என்று கார்சினி எகிறிக் குதிக்கிறார். அந்த ஒயின், அவருக்குத் தெரியாமல் அவருடைய நிலவறையிலிருந்தே கொலம்போ எடுத்து வந்தது. நிலவறையின் குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருந்தது என்பதை குற்றவாளியின் ருசியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கைது செய்து அழைத்துப் போகும்போது கொலம்போ காரை நிறுத்திவிட்டு அவரோடு ஒரு பாட்டில் ஒயினைப் பகிர்ந்துகொள்கிறார். தொடரின் ரசிகர்கள் அதிகம் பேசும் காட்சிகளில் அதுவும் ஒன்று.

இப்போது கமடோருக்கு வருவோம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது என்பதால், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கமடோர் ஓட்டிஸ் ஸ்வான்சன் படகு வடிவமைப்பதில் பெரிய புள்ளி. அவருடைய மருமகன் சார்ல்ஸ் கிளே வேடத்தில் ராபர்ட் வான். மகள் ஜோனா ஓயாமல் குடிப்பவள். தன்னைவிட மிக இளையவளான லிசாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கமடோர் திட்டமிட்டிருக்கிறார். ஒரு விருந்து நடக்கிறது, சொந்தங்களுக்குள் உரசல். அடுத்து நாம் பார்ப்பது, கமடோரின் பிணத்தருகே கிளே தடயங்களைத் துடைத்துக்கொண்டிருப்பதை. பிணத்தைக் கடலுக்குக் கொண்டுபோய், படகு விபத்து போலத் தோன்ற ஏற்பாடு செய்கிறார்.

நாம் என்ன நினைப்போம்? கிளேதான் கொலைகாரர், அதில் சந்தேகமே இல்லை. முந்தைய ஆண்டு 'டிரபிள்டு வாட்டர்ஸ்' எபிசோடில் இதே ராபர்ட் வான் கப்பலில் கொலை செய்து கொலம்போவிடம் மாட்டியவர் வேறு. நாம் கொலையை மட்டும் பார்க்கவில்லை. ஐந்து சீசனாகத் தொடர் நமக்குப் பழக்கியிருந்ததால், பார்க்காததையும் பார்த்ததாக எடுத்துக்கொண்டோம். ரசிகர்கள் என்ன சொன்னாலும் சரி, இது கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. அதற்குரிய மதிப்பெண்ணை யாரும் கொடுப்பதில்லை.

பாதிப் படத்தில் கிளேயும் கொலையாகிக் கிடக்கிறார். கொலையைச் செய்தது மனைவிதான் என்று நினைத்து அவளைக் காப்பாற்றவே அவர் தடயத்தை மறைத்திருக்கிறார். அப்படியென்றால் உண்மையான கொலைகாரன் யார்? கொலம்போ தொடரில் இந்தக் கேள்வி எழுவதே ரசிகர்களுக்கு அதிர்ச்சி.

புகார்ப் பட்டியல் இத்தோடு முடிவதில்லை. ஃபாக்கின் நடிப்பு இதில் வேறு தினுசு. பேச்சை இழுக்கிறார், பாதி வாக்கியத்தில் விட்டுவிடுகிறார், பேசுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நிற்கிறார், தோளில் கை போட்டுக் காதில் கிசுகிசுக்கிறார். படகுத் துறையில் இரைச்சலுக்கு நடுவே ஒரு விசாரணை, யார் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்குவதில்லை. தியானத்தில் அமர்ந்திருக்கும் லிசாவிடம் பேச, தானும் அதே ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கிறார் கொலம்போ. தனியாளாகவே திரிந்து பழகியவருக்கு இந்த முறை கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். அதில் இளையவரான மாக் வேடத்தில் வந்த டென்னிஸ் டூகன், பின்னாளில் 'ஹேப்பி கில்மோர்' போன்ற நகைச்சுவைப் படங்களை இயக்கினார். குடித்துவிட்டு நடித்தாரா என்றுகூடச் சில ரசிகர்கள் ஃபாக்கைக் கிண்டலடிக்கிறார்கள். அவருக்கும் மெக்கூஹனுக்கும் இருந்த நட்பில், இஷ்டத்துக்கு விளையாடிவிட்டார்கள் என்பது இன்னும் நிதானமானவர்களின் கருத்து.

கடைசிக் காட்சிதான் எரிகிற நெருப்பில் எண்ணெய். எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி உட்காரவைக்கிறார் கொலம்போ. அகதா கிறிஸ்டி கதைகளில் வருவது போன்ற கூட்டம் அது. இது கமடோரின் கடிகாரம் என்று சொல்லி, டிக் டிக்கென்று ஓடும் கடிகாரத்தை ஒவ்வொருவர் காதருகிலும் கொண்டுபோகிறார். மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் விழிக்க, கமடோரின் உறவுக்காரனான ஸ்வானி மட்டும் அது அவருடையதில்லை என்று சொல்லிவிடுகிறான். கமடோர் அடிபட்டபோது கடிகாரம் உடைந்து நின்றுபோனது கொலைகாரனுக்குத்தான் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்குச் சரியான உதாரணம். ஆனால் நீதிமன்றத்தில் இது நிற்குமா என்று ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதே ஜாக்சன் கில்லிஸ் 1971இல் எழுதிய 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்'கின் முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கலை விமர்சகர் டேல் கிங்ஸ்டன், மாமாவைக் கொன்று ஓவியங்களைத் திருடி, பழியை அத்தை மேல் போட அவற்றை அவள் வீட்டில் வைத்துவிடுகிறார். கைப்பற்றிய ஓவியங்களில் ஒருவரின் கைரேகை இருக்கிறது, அது கொலம்போவுடையது. முன்பு ஓர் இரவு கிங்ஸ்டன் கையிலிருந்த பைக்குள் ஓவியத்தைப் பார்க்கும் சாக்கில் கைவிட்டபோது பதிந்தது. நீ இப்போதுதான் தொட்டிருப்பாய் என்று கிங்ஸ்டன் கத்துகிறார். கொலம்போ ஒரு வார்த்தை பேசாமல், அதுவரை கோட்டுப் பைக்குள் வைத்திருந்த கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. படம் அங்கேயே முடிகிறது. தொடரின் மிகச் சிறந்த முடிவாக இதைச் சொல்லும் ரசிகர்கள் ஏராளம். ஒரே எழுத்தாளரின் கையிலிருந்து இரண்டும் வந்தன என்பது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கிறது.

விதியை மீறியதுதான் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த விளக்கம் முழுதாகப் பொருந்தவில்லை. 1973இல் வந்த 'டபுள் ஷாக்' எபிசோடும் விதியோடு விளையாடியதுதான். மார்ட்டின் லாண்டாவ் இரட்டை வேடத்தில் நடித்தார். ஒருவர் தொலைக்காட்சிச் சமையல்காரர், மற்றவர் வங்கிக்காரர். குளியல் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மாமாவைக் கொன்றது இருவரில் யார் என்பது கடைசிவரை புதிராகவே இருக்கும். அதிலும் கோமாளித்தனத்துக்குக் குறைவில்லை: பார்வையாளர் வரிசையில் இருக்கும் கொலம்போவை மேடைக்கு இழுத்துச் சமைக்கவைக்கும் காட்சியை ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எதிராளிதான். 'டபுள் ஷாக்'கில் புதிர் இருந்தாலும் கொலம்போ மோதுவதற்கு எதிரே லாண்டாவ் இருக்கிறார், அதுவும் இரண்டு பேராக. கமடோரில் ராபர்ட் வான் செத்ததும் கொலம்போவுக்கு நச்சரிக்க ஆளில்லாமல் போகிறது. கதவுவரை போய்த் திரும்பி வருவதானாலும், யாரிடம் திரும்பி வருவது? ஸ்வானியாக நடித்த ஃப்ரெட் டிரேப்பர் நல்ல நடிகர். தொடரின் முந்தைய எபிசோடுகளில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டியவர். ஆனால் கொலம்போ அவரோடு மல்லுக்கட்டி நாம் பார்க்கவே இல்லை. எனவே அவர் பிடிபடும்போது யாரும் தோற்ற மாதிரி தெரிவதில்லை.

ஆதரவாளர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு என்றாலும். 'தி பிரிசனர்' பார்த்தவர்களுக்கு மெக்கூஹனின் கிறுக்குத்தனம் புதிதில்லை. தொடரையே கேலி செய்யும் விளையாட்டாக எடுத்துக்கொண்டால் இரண்டாம் முறை சிரிப்பு வரும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தச் சிரிப்புக்காக ஒன்றரை மணி நேரத்தை இரண்டு தடவை செலவழிக்கச் சொல்வது பெரிய கோரிக்கை.

இன்னொரு விஷயத்தையும் ஆதரவாளர்கள் நினைவுபடுத்துகிறார்கள். அந்தச் சமயத்தில் ஃபாக் மறுபடி ஒப்பந்தம் போடுவாரா என்பது உறுதியில்லாமல் இருந்தது. இதுவே கடைசி எபிசோடாகவும் ஆகியிருக்கலாம். பெயரிலேயே ஒரு கடைசி வணக்கம் இருக்கிறது. முடிவில் கொலம்போ சின்னப் படகில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கிளம்புகிறார். விடைபெறும் மனநிலையில் எடுத்த படம் என்று பார்த்தால் அந்த நிதானமும் கலகலப்பும் வேறு மாதிரி தெரியும் என்கிறார்கள்.

கடைசியில் ஃபாக் எங்கும் போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஆறாவது சீசன் தொடங்கியபோது, தொலைக்காட்சித் துப்பறிவாளராக நடிக்கும் நடிகர் வேடத்தில் வில்லியம் ஷாட்னர் கொலை செய்தார், அதை நாம் முதலிலேயே பார்த்தோம். பழைய விதி திரும்பிவிட்டது. மெக்கூஹனையும் யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. 1990இல் 'அஜெண்டா ஃபார் மர்டர்' எபிசோடில் கொலைகாரராக நடித்து இரண்டாவது எம்மியைத் தட்டிக்கொண்டு போனார்.

1992இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'நோ டைம் டு டை' வந்தது. எட் மெக்பெய்னின் நாவலைத் தழுவிய கதை. ஒரு மணப்பெண் கடத்தப்படுகிறாள். கொலம்போவின் வழக்கமான கொலையும் இல்லை, எதிராளியோடு நேருக்கு நேர் மோதலும் இல்லை. அன்று முதல் ரசிகர்களுக்கு இன்னொரு வாக்குவாதம் கிடைத்திருக்கிறது: இரண்டில் எது மோசம்? கமடோருக்கு அந்த முதல் அரை மணி நேரமாவது இருக்கிறது. மற்றதற்கு அதுவும் இல்லை.