பயிற்சி வேண்டி ஒரு விண்ணப்பம்: இலண்டன் வணிகச் சட்ட நிறுவனங்களை முன்வைத்து

'பாரிஸ்டர்' என்னும் சொல் தமிழர்க்குப் பழக்கமானது. இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று மீண்டவரைப் பற்றி நம் பாட்டனார் காலத்திலேயே வியந்து பேசினர். 'சொலிசிட்டர்' என்னும் சொல்லோ நம்மிடையே அத்துணைப் பரவவில்லை. இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரு கிளைகளாக அமைந்தது. மன்றில் நின்று வாதிடுதலைத் தலையாய பணியாகக் கொண்டவர் பாரிஸ்டர். கட்சிக்காரரைக் கண்டு அறிவுரை கூறி, ஆவணம் வரைந்து, பேச்சு நடத்தி வினை முடிப்பவர் சொலிசிட்டர். இலண்டனின் 'சிட்டி' பகுதியில் இயங்கும் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் சொலிசிட்டர்களின் நிறுவனங்களே. அவற்றில் இளைஞர் இடம்பெறும் முறையையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

அந்நாட்டில் இத்தொழிலை ஒருவரிடம் அமர்ந்து கற்பதே தொன்மரபு. 1728ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கால எழுத்தர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பயிற்சிக்குச் சேர்ப்போர் ஆசிரியர்க்குப் பெருந்தொகை செலுத்துவதும் வழக்காயிற்று. சார்லஸ் டிக்கன்சின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' புதினத்தில், 'புராக்டர்' என்னும் வகை வழக்கறிஞரிடம் தலைவனைச் சேர்க்க ஆயிரம் பவுன் கட்டணமாகக் கேட்கப்படுகிறது. இன்று நிலை தலைகீழாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் பயிற்சியாளர்க்கு முதலாண்டிலேயே ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல் ஊதியம் வழங்குகின்றன. தேர்வுக் கட்டணத்தையும் தாமே ஏற்கின்றன. பணம் கொடுத்து நுழைந்த வாயிலில் இன்று விண்ணப்பம் கொடுத்து நுழைய வேண்டியுள்ளது.

பயிற்சி இரண்டாண்டு. அதனைப் பெரும்பாலும் ஆறு ஆறு திங்களாக நான்கு துறைகளிற் பகுத்துத் தருவர். அதற்கு முற்படியாக அமைவது விடுமுறைக்காலப் பணிப்பயிற்சி. ஓரிரு வாரம் முதல் நான்கு வாரம் வரை நிறுவனத்தில் அமர்ந்து பணிசெய்யும் இவ்வாய்ப்புக்கும் ஊதியம் உண்டு. பல நிறுவனங்கள் இவ்வாறு வந்தவரிலிருந்தே தம் பயிற்சியாளரைத் தெரிந்தெடுப்பதால், இது பார்வையிடல் போலத் தோன்றினும் உண்மையில் நீண்டதொரு நேர்காணலே ஆகும். சட்டம் பயில்வோர் மூன்றாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், பிறதுறையினர் இறுதியாண்டிலும் விண்ணப்பிப்பது வழக்கம். பயிற்சி தொடங்குவதோ ஏறத்தாழ ஈராண்டு கழித்து. வரலாறும் இலக்கியமும் பயின்றோர்க்கும் இங்கு இடமுண்டு என்பது இலக்கிய மாணவர் நினைவிற்கொள்ளத்தக்கது. அவர்களைச் சட்ட மாற்றுப்படிப்பொன்று படிக்கச் செய்வர்.

விண்ணப்பத்தில் வினாக்கள் சிலவே: ஏன் சட்டம்? ஏன் வணிகச் சட்டம்? ஏன் எம் நிறுவனம்? ஒவ்வொன்றுக்கும் முந்நூறு சொல்லளவில் விடை கேட்பர். மூன்றாம் வினாவிலேயே பலர் இடறுகின்றனர். 'புகழ்மிக்க', 'உலகளாவிய', 'தலைசிறந்த' என அடைமொழிகளை அடுக்கினால், பெயரை மாற்றி எந்நிறுவனத்திற்கும் அனுப்பத்தக்க மடலாகிவிடும். அவ்வாறு அனுப்புகையில் முன்னைய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறப்போரும் உளர்! ஆலன் அண்டு ஓவரி என்னும் இலண்டன் நிறுவனம் 2024 மே மாதம் அமெரிக்காவின் ஷியர்மன் அண்டு ஸ்டெர்லிங்குடன் இணைந்தது. இணைப்பை அறியாது பழைய பெயரிலேயே எழுதுவோனின் விண்ணப்பம் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இணைப்பால் நியூயார்க் சட்டமும் இலண்டன் சட்டமும் ஒரே கூரையின்கீழ் வருவது கட்சிக்காரர்க்கு எவ்வகையிற் பயன் என எண்ணிப் பார்த்து எழுதுவோனே வினாவுக்கு விடையளித்தவன்.

அண்மையில், நம் பழைய மாணவர் ஒருவரின் மகள் எழுதிய மடலைக் காண நேர்ந்தது. அக்குடும்பம் இங்கிலாந்தில் சிறு மளிகைக்கடை நடத்துகிறது. அப்பெண் அங்கேயே சட்டம் பயில்கிறாள். மடலில் பல்கலைக்கழக மன்றங்களும் சொற்போட்டிப் பரிசுகளும் நிறைந்திருந்தன. கடை மட்டும் காணப்படவில்லை. வினவியபோது, "அதையெல்லாம் எழுதுவதா, மாமா?" என்று கூசினாள். நான்காண்டாகச் சனி, ஞாயிறு நாள்களில் கடைக்கணக்கைப் பார்த்தவள் அவளே. கடைக்கட்டடத்தின் குத்தகை புதுப்பிக்கப்பட்டபோது ஒப்பந்தத்தைத் தந்தைக்கு வரிவரியாக விளக்கி, வாடகை உயர்வு பற்றிய விதியொன்றைச் சுட்டிக்காட்டியவளும் அவளே. நிறுவனங்கள் 'வணிக விழிப்பு' எனக் கேட்பது இதனையே. ஒரு நிறுவனம் மற்றொன்றை விலைக்கு வாங்குங்கால் பயிற்சியாளர் கையில் முதலில் வந்து விழுவதும் இத்தகைய குத்தகைகளே. விற்போனின் ஒப்பந்தங்கள், கடன்கள், நிலுவை வழக்குகள் யாவற்றையும் படித்து, வாங்குவோனுக்குக் கேடாவது எதுவெனக் குறித்தல் வேண்டும். அந்தப் பத்தியை எழுதுமாறு கூறினோம். கூச்சத்தால் மறைப்பவை பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்தார் பெற்ற அறிவே என்பது நம் கருத்து. ஒருவர் பயின்ற பள்ளியின் தரம், குடும்பத்தின் பொருள்நிலை ஆகியவற்றோடு சேர்த்து மதிப்பெண்ணை எடைபோடும் முறையை இன்று பல நிறுவனங்கள் மேற்கொண்டுள்ளன.

அடுத்துப் பெரும்பாலும் இணையவழித் தேர்வு. 'வாட்சன் கிளேசர்' என்பது அவற்றுள் பெயர்பெற்றது. முப்பது நிமிடத்தில் நாற்பது வினா. சொல்லப்பட்டதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது எனப் பகுத்தறிவதே அதன் சாரம். மணிமேகலையின் 29ஆம் காதை அளவையையும் போலியையும் வகுப்பதைப் படித்தவர்க்கு இவ்வகை எண்ணம் புதிதன்று. தாம் அறிந்த உலகச்செய்தியைக் கலவாது, கொடுத்த கூற்றை மட்டும் நோக்க வேண்டும்.

பணிப்பயிற்சி வாரங்களில் மாலை விருந்துகள் நடைபெறும், மது பரிமாறப்படும். நம் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. பழச்சாற்றுடன் நின்று உரையாடலாம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் வேண்டுமெனில் முன்னரே கேட்டுவைத்தல் நன்று.

இடம் கிடைக்காதோர்க்கு 2021 செப்டம்பர் முதல் வேறு வழியும் திறந்துள்ளது. அன்று நடைமுறைக்கு வந்த சொலிசிட்டர் தகுதித் தேர்வு இரு பகுதிகளாலானது. இரண்டாண்டுப் பணியறிவை ஒரே நிறுவனத்தில் பெற வேண்டியதில்லை. நான்கு இடங்கள் வரை பகுத்துப் பெறலாம். சட்ட உதவி மையத்தில் ஆற்றிய பணியும், சட்ட உதவியாளராகச் செய்த வேலையும் கணக்கிற் சேரும். ஆயின், தேர்வின் இரு பகுதிகளுக்கும் கட்டணம் நாலாயிரத்து எழுநூறு பவுனுக்கு மேல். நிறுவனம் ஏற்காதவிடத்து அது குடும்பத்தின் தலையில் விழும்.

மளிகைக்கடைப் பத்தியுடன் சென்ற விண்ணப்பங்களுள் இரண்டுக்கு மறுப்பு வந்தது. மூன்றாவது நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்துள்ளது. குத்தகை விதியைப் பற்றியே முதலில் கேட்பார்கள் என்று அவள் தந்தை உறுதியாக நம்புகிறார்.