புது கிளச் போட்டும் கார் உதறுதா? பிளைவீலைப் பாருங்க!

சென்னை அண்ணா மேம்பாலம். மாலை நேர நெரிசல். ஏற்றத்தில் ஒரு கார் திணறுகிறது. இஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் வேறு!

"கிளச் போச்சு சார்!" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் போய்விடுகிறார்.

இப்படி நிற்கிற கார், போன மாதம்தான் புது கிளச் போட்டு வந்த வண்டியாகவும் இருப்பதுண்டு. காரணம்? அரைகுறை வேலை!

இஞ்சின் சுழலும்போது கூடவே சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம்தான் பிளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருப்பது கிளச் பிளேட். பிளேட் தேயும்போது பிளைவீல் மட்டும் சும்மா இருக்குமா? சூட்டில் அதன் முகம் நீலம் பாரிக்கும். மயிரிழை போல விரிசல் விடும். ரிவெட் உரசினால் வரி வரியாகப் பள்ளம் விழும். அதன் மேலேயே புது பிளேட்டை மாட்டினால், முதல் கியரில் கிளம்பும்போது வண்டி கிடுகிடுவென்று உதறும்.

ரெட்டைக் கூலி

"அண்ணே, பிளேட்டை மட்டும் மாத்திடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள் கார்க்காரர்கள். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்!

கிளச்சைத் தொட கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலியில் பெரும் பங்கு அதற்குத்தான். பழைய ரிலீஸ் பேரிங்கை விட்டுவைத்தால், அது கத்த ஆரம்பிக்கும் நாளில் மறுபடியும் அதே கூலி! பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதே லாபம்.

பிளைவீலைக் கழற்றியதும் அதன் பின்னால் உள்ள ஆயில் சீலைப் பாருங்கள். கசிவு இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். புது பிளேட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கல்தான்.

லேசான வரி என்றால் லேத் பட்டறையில் முகம் சீவலாம். அதுவும் கம்பெனி சொன்ன அளவுக்குள்தான். விரிசல் ஆழமாக இருந்தால் புதுசு வாங்குவதைத் தவிர வழியில்லை. பல டீசல் கார்களில் இருப்பது 'டூயல் மாஸ்' பிளைவீல். இரண்டு துண்டு, நடுவே ஸ்பிரிங். அதை லேத்தில் ஏற்றக்கூடாது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். என்ன செய்வது!

காலுக்குப் பக்கத்தில் ஆபத்து

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. பல கார்களில் பிளைவீல் போல்ட் இறுக்கும்போது நீளுகிற ரகம். ஒரு தடவைக்குத்தான். பழையதையே மாட்டினால் தளரலாம், அறுந்தும் போகலாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் சக்கரம் கழன்றால், கியர் பாக்ஸ் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். டிரைவர் காலிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை!

"கை அளவே எனக்குத் தெரியும் சார்" என்று சவடால் விடுகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். 'டார்க் ரெஞ்ச்' இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமே இறுக்கினால் பிளேட் வளைந்துவிடும்.

புதுப்பேட்டையில் வாங்கினாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் பில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

வண்டி வெளியே வந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டுங்கள். மேம்பால ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், பாதி கிளச்சில் பிடித்துக்கொண்டிருக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.