கசிவை மறைத்த பழுப்பு வண்ணம்

1919 ஜனவரி 15. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், துறைமுகத்தை ஒட்டிய நார்த் எண்ட் பகுதியில் 50 அடி உயர எஃகுத் தொட்டி ஒன்று நண்பகல் கடந்ததும் வெடித்துப் பிளந்தது. உள்ளே 23 லட்சம் கேலன் மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சியபின் மிஞ்சும் கெட்டிப் பாகு. அது சுமார் 25 அடி உயரத்துக்கு எழும்பித் தெருவில் பாய்ந்தது, கட்டடங்களைப் பெயர்த்தது, உயர்மட்ட ரயில்பாதையின் எஃகுத் தூண்களை வளைத்தது. 21 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 150 பேர் காயமடைந்தார்கள். பாகில் மனிதர் மூழ்கிய விந்தையாகவே இது இன்றும் பேசப்படுகிறது. தொட்டி உடையப்போவதை ஊர் முன்பே கண்டிருந்தது என்பதும், அதைக் கேட்க யாரும் இல்லை என்பதும்தான் பேசப்பட வேண்டியவை.

நார்த் எண்டில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். பலருக்குக் குடியுரிமை இல்லை; ஆகவே ஓட்டும் இல்லை. முதல் உலகப் போர்க்காலத்தில், இந்தப் பாகிலிருந்து வடிக்கப்படும், வெடிமருந்துத் தயாரிப்புக்கான ஆல்கஹாலுக்குக் கிராக்கி ஏறியபோது, 1915இல் அவசர அவசரமாக அந்தத் தொட்டி எழுந்தது. கட்டுமானத்தை மேற்பார்த்தவர், தொட்டிக்குச் சொந்தமான கம்பெனியின், பொறியியல் படிக்காத ஓர் அதிகாரி. முழுக்க நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஆறு அங்குலத்தோடு சோதனை முடிந்தது. முதலிலிருந்தே தொட்டி ஒழுகியது. தெருப் பிள்ளைகள் டப்பாக்களில் பாகைப் பிடித்துச் சென்றார்கள். நிர்வாகமோ, ஒழுகல் கண்ணில் படாதபடி தொட்டிக்குப் பாகின் நிறத்திலேயே பழுப்பு வண்ணம் அடித்தது.

கப்பலும் ரயிலும் அருகில் இருந்ததால்தான் அந்த இடம் தேர்வானது, ஏழ்மைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். துறைமுகம், தொட்டி ஏன் அங்கே வந்தது என்பதை விளக்கும். ஒழுகும் தொட்டி மூன்று ஆண்டுகள் ஏன் அங்கேயே நின்றது என்பதை விளக்காது. உலோகம் குளிரில் நொறுங்கும் தன்மை அன்று சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் தகடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்ற கணக்கும், நீர் நிரப்பிச் சோதிக்கும் வழக்கமும் அன்றே இருந்தன. கம்பெனி தரப்போ, அராஜகவாதிகள் குண்டு வைத்தார்கள் என்றது. இத்தாலிய அராஜகவாதிகள் மீது அச்சம் பரவியிருந்த காலம் அது. பறிகொடுத்த பகுதியே சந்தேகக் கூண்டில் ஏற்றப்பட்டது.

பல ஆண்டு விசாரணைக்குப் பின், 1925இல் நீதிமன்றம் நியமித்த தணிக்கையாளர் ஹியூ ஆக்டன் குண்டுக் கதையைத் தள்ளி, பொறுப்பு கம்பெனியுடையதே என்றார். சுமார் 6,28,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. கட்டுமான வரைபடங்களில் தகுதி பெற்ற பொறியாளரின் கையொப்பம் வேண்டும் என்ற விதிகளும் இறுகின. நல்ல விதிதான், ஆனால் அது பாதிப் பாடம். நார்த் எண்டில் முதல் ஆய்வறிக்கையைக் கையில் ஏந்தி நின்றவர்கள் டப்பா பிடித்த பிள்ளைகள். ‘ஒழுகுகிறது’ என்று பக்கத்து வீட்டார் சொன்னால் அதை எழுதிக்கொள்ள ஒரு பதிவேடும், எழுதியதற்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரியும் இருப்பதே மீதிப் பாடம்.