மூச்சும் இசையும்

ஓர் இசையைக் கேட்கும்பொழுது நம் உள்ளம் துள்ளுகின்றது. மற்றோர் இசையைக் கேட்கும்பொழுது கண் கலங்குகின்றது. சொல்லே இல்லாத கருவியிசையும் இவ்வாறு நம்மை ஆட்கொள்வது எங்ஙனம்? காலம், சுருதி, மெய்ப்பாடு ஆகிய மூன்றன் இயல்பை அறிந்தால் இதற்கு விடை காணலாம். அவற்றை விளக்குதற்கு ஏற்றதோர் ஒலிப்பதிவு உண்டு.

1991ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் முதல் 6ஆம் நாள் வரை, டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில், மோன்மார்ட் என்னும் இசைக்கூடத்தில் அமெரிக்கக் கலைஞர் இருவர் ஜாஸ் இசை நிகழ்த்தினர். ஒருவர் சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ். மற்றவர் பியானோக் கலைஞர் கென்னி பாரன். அவையோர் முன்னிலையில் பதிவு செய்யப்பெற்ற அவ்விசை, 'பீப்பிள் டைம்' என்னும் பெயரால் 1992இல் வெளிவந்தது. ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த இசையாகும். அதில் கலைஞர் முதலில் பாட்டின் மெட்டை வாசிப்பர். பின்னர் அம்மெட்டைத் தழுவித் தம் கற்பனையை அவ்வப்பொழுது புனைந்து செல்வர்.

முதலில் காலத்தை நோக்குவோம். ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டுகள் விழுகின்றன என்பதே இசையின் விரைவைக் காட்டும் அளவு. ஜாஸ் குழுவில் இவ்வளவைக் காப்பவர் பெரும்பாலும் முரசு வாசிப்பவரும் பெரிய தந்திக்கருவி வாசிப்பவருமே ஆவர். இவ்விருவர் இசையிலோ அவர்கள் இலர். ஆகவே, பாரனின் இடக்கை தாளத்தைத் தாங்குகின்றது. வலக்கை இன்னிசை பொழிகின்றது. மெதுவான நடை எளிதென்று சிலர் எண்ணலாம். பியானோவில் தட்டிய சுரம் தானே ஒலித்துத் தேயும். சாக்சபோனின் சுரமோ மூச்சு உள்ளவரையே வாழும். நடை மெலிய மெலிய ஒவ்வொரு சுரமும் நீளும். நீளும் சுரம் நீண்ட மூச்சை வேண்டும்.

இனிச் சுருதியைக் காண்போம். நம் கருநாடக இசையில் பாடகர் கச்சேரி முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே சுருதியைக் கொள்வர். மேனாட்டு இசையில் பாட்டுக்குப் பாட்டு ஆதார சுரம் மாறும். அதனோடு சுரவரிசையும் மேஜர், மைனர் என இருவகைப்படும். மேஜர் நம் சங்கராபரணத்தை ஒத்தது. மைனரின் அடிப்படை வடிவம் நடபைரவியை ஒத்தது. மேஜரில் காந்தாரம் சற்று உயர்ந்தும், மைனரில் சற்றுத் தாழ்ந்தும் நிற்கும். மேஜர் மகிழ்ச்சிக்கும் மைனர் துயரத்துக்கும் உரியன என்பது பொதுவழக்கு.

ஆயின், இவ்வழக்கு எங்கும் பொருந்துமோ? 1956இல் கார் விபத்தில் இளமையிலேயே மறைந்த எக்காளக் கலைஞர் கிளிபர்டு பிரவுனை நினைந்து, பென்னி கோல்சன் ஒரு பாட்டு இயற்றினார். அது மேஜரில் அமைந்தது. ஆயினும், மெல்லிய நடையால் இரங்கற்பாவாகவே ஒலிக்கின்றது. காலைக் கதிரவனைப் பெயரிற்கொண்ட மற்றொரு பாட்டு மைனரில் அமைந்தது. விரைந்த நடையால் அது ஊக்கமே தருகின்றது. எனவே, காலமும் சுருதியும் கூடிய இடத்திலேதான் மெய்ப்பாடு பிறக்கின்றது. அவற்றோடு வாசிப்பவர் உள்ளமும் கூடுதல் வேண்டும்.

இப்பதிவில் அவ்வுள்ளம் நன்கு புலனாகின்றது. அப்பொழுது கெட்ஸுக்கு வயது 64. புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. தம் பகுதியை வாசித்து முடிக்குந்தோறும் அவருக்கு மூச்சு வாங்கியது என்று பாரன் பின்னர்க் குறித்துள்ளார். கெட்ஸ் ஓயும்பொழுது பாரன் தனித்து வாசித்து இசையை நடத்திச் சென்றார். மீண்டும் அவர் கருவியை எடுத்ததும் அடங்கி அவருக்கு வழிவிட்டார். சார்லி ஹேடன் தம் மனைவிக்காக இயற்றிய மைனர் பாட்டை இருவரும் மெல்ல வாசிக்கும்பொழுது, நெடுஞ்சுரம் ஒவ்வொன்றும் அரிதிற் பெற்ற மூச்சின் பயன் என்பதை நாம் உணர்கின்றோம். துள்ளல் நடைப் பாட்டுகளையும் கெட்ஸ் விலக்கினாரில்லை; அவற்றையும் இசைத்தார்.

1991 சூன் 6ஆம் நாள் கெட்ஸ் மறைந்தார். இசை நிகழ்ந்து மூன்று திங்களே கழிந்திருந்தன. காலத்தை எண்ணி அளக்கலாம்; சுருதியைப் பெயரிட்டு வழங்கலாம். ஒருவர் தளருங்கால் மற்றவர் தாங்கும் அன்பை அளக்கும் கருவி இல்லை. அதனைச் செவி கொடுத்துக் கேட்டே உணர்தல் வேண்டும்.