பயணத்துக்கு ஒரே லென்ஸ்

பத்துமலையின் 272 படிகளை மூன்று லென்ஸ்களுடன் ஏறினால் தோள்வலிதான் மிஞ்சும். தைப்பூசக் கூட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றினாலோ தூசி நேராக சென்சரில் போய் உட்காரும். பயணத்துக்கு ஒரே ஸூம் லென்ஸ் போதும் என்பது என் கட்சி.

எது? மாணவர்கள் பலர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவுக்கு 18-135 மி.மீ. பொருத்தம். 18-300-ம் கிடைக்கிறது, ஆனால் எடையைப் பாருங்கள். டாம்ரோனின் 18-300 ஏறத்தாழ 620 கிராம், சோனியின் 18-135 வெறும் 325 கிராம்.

உண்மையில் அதிகம் கைகொடுப்பது 18 மி.மீ. முனைதான். பின்னால் நகர இடமில்லாத அடிவாரத்தில், 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் படிக்கட்டையும் ஒரே படத்தில் அடக்க அது வேண்டும். படியோரக் குரங்கின் முகத்துக்கு 135 தாராளம். (இன்னும் கிட்டே போனால் உங்கள் வாழைப்பழத்துக்கு நான் பொறுப்பல்ல!)

குகைக்குள் நுழைந்ததும் குறை தெரியும். 135-இல் இந்த லென்ஸின் ஒளித்துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, எஃப் 2.8-உடன் ஒப்பிட்டால் கால் பங்கு ஒளிதான் வரும். அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், ஆனால் நடந்துபோகும் பக்தர் மங்கலாகத்தான் விழுவார். அங்கே 18-க்குத் திரும்பி, ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றுங்கள்.

வாங்குமுன், கேமராவுடன் வந்த 18-55 லென்ஸில் எடுத்த பழைய படங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 55-இல் முட்டி நிற்கின்றனவா? 18-135 வாங்கலாம். 18-இலேயே குவிந்திருந்தால், 16-இல் தொடங்கும் லென்ஸைத் தேடுங்கள்.